ஒரு சொட்டும் சிந்தாமல்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில், மேசைமேல் இருக்கும் இரண்டு காகிதக் குவளைகளின்மேல் விழுகிறது. ஒன்றில் தண்ணீர், மற்றது காலி. கைநடுக்கத்துக்கு வந்திருக்கும் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் அறை இது. அக்காவோடு வந்திருக்கும் தம்பி தண்ணீர்க் குவளையை எடுத்து மற்றதில் சாய்க்கிறார். பாதி மேசையில், மீதி சட்டைக் கையில். "எங்கம்மா விட்டுட்டுப் போன சொத்து சிஸ்டர். அவ்வளவு லேசுல கரையாது," என்று சிரிக்கிறார். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் மாத்திரை கொடுத்தும், மனிதர் வந்த அன்று இருந்தபடியேதான் இருக்கிறார். பக்கத்தில் இருக்கும் அக்காவுக்கும் அதே நடுக்கம்தான். வயது கூடிவிட்டது என்று ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முன்பு இதே மேசையில் பேனாவைப் பிடிக்க முடியாமல் திணறியவர், இப்போது "தள்ளுடா" என்று துணியை வாங்கி ஈரத்தைத் துடைக்கிறார். ஜாடியை எடுத்துக் குவளையை நிரப்புகிறார். தண்ணீர் வெயிலில் கண்ணாடிக் கம்பிபோல இறங்குகிறது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. நர்ஸின் பார்வை அந்தக் கையைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. அக்கா சட்டென்று கையை மடியில் ஒளித்துக்கொள்கிறார். நர்ஸ் உள்ளதை ஆய்வுக் குறிப்பில் எழுதினால், நாளையிலிருந்து தம்பிக்குத் தரும் மாத்திரை நின்றுவிடும். "மாத்திரையை ஒழுங்கா..." என்று தொடங்கிய நர்ஸ், குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "ஒரு நாள்கூடத் தவறல சிஸ்டர்," என்கிறார் தம்பி. நனைந்த சட்டைக் கையை உதறியபடி, அக்காவின் மடியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "மருந்து நல்லாக் கேக்குது."