மறுபடியும் கழன்ற குழாய்

“பாத்தீங்களா மாமா, பிஸ்கட் உறை. மலையேற வர்றவனுங்கதான் பைப்ப கழட்டுறானுங்க,” என்றான் திவாகரன். டோர்ச் வெளிச்சம் மானாப்புல்லுக்குள் கிடந்த மஞ்சள் தாளில் விழுந்திருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லப்பா மாமா குனிந்து பார்த்தார். “இருக்கும் தம்பி,” என்றார். சட்டென்று நிமிர்ந்து மேலே நடந்தார்.

திங்கட்கிழமை விடிகாலை நாலேகால். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து மலை ஊற்றுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையை முதல்நாள் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. பாதை என்று நம்பிக் கால் வைத்த இடமெல்லாம் சேறு, காலை எடுத்துப் பார்த்தால் அட்டை.

இந்தப் பாடெல்லாம் ஒரு குழாய்க்காக. அம்மா தனியாக இருக்கிறாளே என்று, ஊற்றிலிருந்து அவள் வீட்டுக்கு மட்டும் திவாகரன் தன் கையாலேயே இழுத்துக் கொடுத்த கறுப்பு ஹோஸ் அது. மூன்று வாரத்தில் மூன்றாவது தடவையாக எங்கோ கழன்று கிடக்கிறது.

தீபாவளிக்கு லீவு இல்லை, பொங்கலுக்கும் இல்லை என்று போனிலேயே முடித்துக்கொண்டவன், இந்தப் பாழாய்ப்போன குழாய்க்காக ஞாயிறு ராத்திரி தவறாமல் கண்டியில் பஸ் ஏறுகிறான். போன இரண்டு திங்களும் வேலை செய்யும் கடைக்குப் பிந்திப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்னொரு நாள் பிந்தினால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் வேலை போச்சு.

“பாதை இதுதானா மாமா? இல்ல சுத்திச் சுத்தி வர்றோமா?”

“இருட்டுல ஒண்ணும் புரியல. கொஞ்சம் மேல ஏறிப் பாப்போம்.”

“ஒங்களுக்கு மலை தெரியும்னுதானே கூட்டிட்டு வந்தேன்?” எரிச்சல் உச்சி மண்டைக்கு ஏறியது. வயசான மனிதரை வேறென்ன சொல்ல முடியும், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

அரை மணி நேரம் தடவித் தடவி ஏறிய பிறகு, ஒரு பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. மேல்பக்கத்து ஹோஸ் வீணாகப் புல்லில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே போகும் ஹோஸின் வாயில் மண் புகுந்துவிடாதபடி யாரோ துணியைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார்கள்.

“கழட்டுறதையும் கழட்டிட்டு, பவிசா மூடி வேற வச்சிருக்கான். கொழுப்பப் பாருங்க மாமா.”

அந்த நேரம் பார்த்து மேலே புதர் சரசரத்தது. முதுகுப் பையும் கையில் போத்தலுமாக ஒருவன் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். “நானா,” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டான். “கொஞ்சம் நில்லுங்க. பாத மாறிட்டேன்.”

திவாகரன் ஒரே எட்டில் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “வாடா. ஒன்னத்தான் தேடிட்டு இருந்தேன்.”

“நான் என்ன செஞ்சேன்? எம் பேரு ரிஸ்கான், திகனயில இருந்து கூட்டாளிமாரோட சூரியன் உதிக்கிறத பாக்க வந்தேன். அவங்கள விட்டுட்டேன். தண்ணி தேடி ஒரு மணித்தியாலமா சுத்துறேன் நானா.” போத்தலைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

“தண்ணி தேடினவன்தானே பைப்ப கழட்டினது? போன வாரமும் நீதானே?”

“இந்த மலைக்கு இன்டைக்குத்தான் வாறேன். பைப் இருக்கிற இடம் தெரிஞ்சிருந்தா நான் ஏன் நாக்கு வறண்டு நிக்கிறேன்?”

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயம் கேட்கும் நிலையில் திவாகரன் இல்லை. மூன்று வாரக் கோபத்துக்கும் இப்போதுதான் ஓர் ஆள் கிடைத்திருக்கிறான்.

“எங்கம்மா இந்த வயசுல கொடத்த தூக்கிட்டு பள்ளத்துக்கு எறங்கணுமா? ஒங்களால என் வேலையே போகப்போகுது. நட லயத்துக்கு. பொலிஸ்ல குடுத்துட்டுத்தான் மறு வேல.” ரிஸ்கான் நடுங்கிப்போய் மாமாவைப் பார்த்தான்.

செல்லப்பா மாமா இடையில் புகுந்து, சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். திவாகரனின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“அவர விடு தம்பி. மூணு தடவையும் கழட்டினது நான்தான்.”

“நீங்களா? ஏன் மாமா?”

“ஒங்கம்மாதான் கழட்டச் சொன்னாங்க. தண்ணி நின்னாத்தானே நீ வர்ற.”