மேஸ்திரி சொன்னா சரி

இரண்டாவது மாடிப் படியில் அக்காவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

ஒரு கையில் தண்ணீர் கேன். பாதிதான் நிரப்பியிருந்தாள். இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ஆபரேஷன் ஆகி முழுசாகப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒரு மாதத்துக்குக் கனமாக எதையும் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக மண்டையை ஆட்டினார்.

"அறிவிருக்காக்கா உனக்கு?" கேனைப் பிடுங்கினேன். "மாமா எங்கே?"

"வீட்டுலதான் இருக்கார். கத்தாதேடி."

"அப்புறம் நீ ஏன் தூக்கற?"

"மோட்டார் கெட்டு நாலு நாளாச்சு, மேல தண்ணி ஏறல. காலையிலேருந்து மூணு தடவை சொல்லிட்டேன். இதோ போறேன், இதோ போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்."

மூன்றாவது மாடி. ஹாலில் மாமா, காதில் ஹெட்போனோடு, கம்ப்யூட்டர் முன்னால்.

"தண்ணி நான் கொண்டு வரேன்! நீங்க விறகை மட்டும் பாருங்க!" என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் ஹெட்போனைக் கழற்றினேன்.

"அடடே, மச்சினிச்சியா! சரியான நேரத்துக்கு வந்தே. பாரு, எங்க முதல் பேஸ்!"

"பேஸா?"

"காட்டுல நமக்குன்னு ஒரு வீடும்மா. வெறுங்கையோட காட்டுல விட்டுருவாங்க. இருட்டறதுக்குள்ள சுவரும் கூரையும் போடலேன்னா மிருகம் அடிச்சுப் போட்டுரும்."

திரையில் நாலு மரச்சுவர், பாதிக் கூரை, வாசலில் நெருப்பு.

"மரம் பூரா நான் வெட்டினது. ஆத்துத் தண்ணி மொண்டு வந்து காய்ச்சறதும் நான். டீம்ல எல்லாருக்கும் சமையலும் நான்தான்!"

"உங்க வீட்டு ட்ரம்ல தண்ணி இருக்கா மாமா?"

"இருக்கும். உங்கக்காவைக் கேளு."

"அவ படியில விழப் பார்த்தா மாமா! தையல் போட்ட வயித்தோட!"

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கொஞ்சம்தான்.

"நான்தான் போறேன்னு சொன்னேனே. அதுக்குள்ள அவளுக்கு என்ன அவசரம்? மேஸ்திரி வர்றதுக்குள்ள கூரையை முடிச்சாகணும்மா. அரைமணி நேரமா ஆளைக் காணோம். வந்தா திட்டுவார்."

"எந்த மேஸ்திரி?"

"டீம் லீடர். நிஜப் பேர் தெரியாது, மேஸ்திரின்னுதான் வெச்சிருக்கார். மைக் ரிப்பேராம், எழுதித்தான் பேசுவார். ஒரு வாரப் பழக்கம்தான். ஆனா என்ன மூளை! எது முதல்ல, எது அப்புறம், எதுல எவ்வளவு மிச்சம், எல்லாம் விரல் நுனியில. பட்டாளத்துல பெரிய ஆளா இருந்திருப்பார். அவர் ஒண்ணு சொன்னா மறுபேச்சே கிடையாது."

"அவர் சொன்னா உத்தரவு, அக்கா சொன்னா நச்சரிப்பா?"

"உங்கக்காவுக்குச் சொல்லத் தெரியலைம்மா. அவர் சொல்ற மாதிரி சொன்னா யார்தான் செய்ய மாட்டாங்க?"

எனக்கு வாயில் நன்றாக வந்தது. பத்து வருஷமாக இந்த வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை இந்த மனிதர். சமையல் செய்கிறாராம், ஊருக்கெல்லாம்! வயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று குனிந்தேவிட்டேன்.

டிங் என்றது கம்ப்யூட்டர்.

"இரு, இரு! மேஸ்திரி வந்துட்டார்!"

நானும் எட்டிப் படித்தேன்.

'கூரை அப்புறம். உங்க வீட்டு ட்ரம் நிரம்பியிருக்கா?'

மாமா திருதிருவென்று விழித்தார். 'இல்லை மேஸ்திரி' என்று தட்டினார்.

'சொந்த வீட்டுக்குத் தண்ணி கொண்டு வராத ஆளுக்கு என் பேஸ்ல இடம் கிடையாது. பத்து கேன். முடிச்சுட்டு வாங்க.'

அடுத்த நிமிஷம் மாமா கையில் இரண்டு கேன். செருப்பைக்கூட மாட்டவில்லை, தடதடவென்று படியிறங்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஐந்து நடை. கடைசி நடையில் சட்டை தொப்பலாக நனைந்து, மூச்சு இரைத்தது. ஆனாலும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியாம்மா அந்த மனுஷனை! தண்ணி தண்ணின்னு பொண்டாட்டி உயிரை வாங்கறான்னு நேத்து அவர்கிட்ட ஒரு வார்த்தை புலம்பினேன். அதை ஞாபகம் வெச்சுக் கேக்கறார் பாரு! இப்படி ஒருத்தர் இந்த வீட்டுல இருந்திருந்தா, வீடு எப்பவோ உருப்பட்டிருக்கும்!"

ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அக்காவுக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போனேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுதிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. கையில் போன். எட்டிப் பார்த்தேன். ஒரு காடு. நாலு மரச்சுவர், பாதிக் கூரை.

"அக்கா... நீயா?"

"படுத்தே கிடக்கோமே, அப்படி என்னதான் ஆடறார்னு பார்க்கலாம்னு சேர்ந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நேத்து என்னைப் பத்தி என்கிட்டயே புலம்பறார்டி."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கு வரவில்லை.

ஹாலில் மாமாவின் குரல் கேட்டது. "பத்து கேனும் முடிஞ்சுது மேஸ்திரி! அடுத்து?"

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'சிங்க்ல பாத்திரம் கிடக்கா?'

நாற்காலி நகரும் சத்தம்.

"இதோ போறேன் மேஸ்திரி!"