தேவையில்லாத வரி

“உங்க ரெண்டு பேரோட கண்ட்ரோலரும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்குது. நீ வந்தாத்தான் நான் வருவேன்னு அது சொல்லுது, இதுவும் அதையே சொல்லுது. திரை வெள்ளையா இருக்கு. மதியம் கஸ்டமர் வர்றாங்க. ஒரே மேஜையில உட்கார்ந்து சரி பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு டீம் லீடர் போய்விட்டார்.

துணிக்கடை ஒன்றுக்கான இணையதளம் அது. அதில் பில் பக்கம் அக்காவுடையது, கூடைப் பக்கம் தங்கையுடையது. அந்தந்தப் பக்கத்தை ஓட்டும் நிரல்தான் கண்ட்ரோலர். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த நாற்காலி. ஆனால் அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு வந்தபோது, நான்தான் வைத்துக்கொள்வேன் என்று இருவரும் மல்லுக்கு நின்றதில், போன வருஷத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. இன்றைக்கும் சொதப்பினால் ஆளுக்கொரு டீமுக்குப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் முகத்தைப் பார்க்கக்கூட வழியில்லை.

அக்கா தங்கையின் ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு கண்ட்ரோலரும் தனக்கு வேறு எதெல்லாம் வேண்டும் என்று முதல் வரிகளிலேயே பெயர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். கேட்டதெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அது ஓடும். தங்கை எழுதியிருந்த அழகைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. தினமும் எதையாவது மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன கழுதையா இது என்று அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் இடித்தது.

“இங்க என் கண்ட்ரோலரைக் கேட்டிருக்கியே. கீழே எங்கேயும் அதைத் தொடவே இல்லையே?” அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

தங்கை நகத்தைக் கடித்தாள். நேற்றுதான் அதைச் சேர்த்ததாக ஒப்புக்கொண்டாள்.

“ஏன்டி கேட்டேன்னு சண்டை போடவாவது நீ என்கிட்ட வருவியேன்னுதான்” என்றவள் இழுத்தாள். “ஆனா இந்த ஒரு வரியால திரை நிக்காதேக்கா. உன்னோடதும் என்னோடதைக் கேட்டாத்தானே இப்படிச் சுத்திக்கும்? நேத்து வரைக்கும் நீ கேட்கவே இல்லையே.”

அக்கா தன் ஃபைலைத் திறந்து, திரையைத் தங்கை பக்கம் திருப்பினாள்.

நேற்றுச் சாயங்காலம் புதிதாகச் சேர்த்த முதல் வரியில், அவள் தங்கையின் கண்ட்ரோலரைக் கேட்டிருந்தாள். கீழே எங்கேயும் அதைத் தொடவே இல்லை.