யார் வாசிக்கிறது, சொல்லு!

பதினொரு வருடக் காத்திருப்பு. எண்பத்தொரு வயதில் ஃபங்க் இசை மன்னர் ஆல்வின் பெரைரா மறுபடி பேஸ் கிடாரைத் தூக்கிவிட்டார். இன்று புது ஆல்பம். கூடவே வாசிக்கவும் பாடவும் பெரிய பெரிய விருந்தினர்களாம். பெரம்பூரில் இமாகுலேட் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, டொரன்டோவிலிருக்கும் அக்கா ரெஜினாவைப் போனில் பிடித்தாள்.

பள்ளி நாளிலிருந்தே இருவருக்கும் ஒரு விளையாட்டு. விருந்தினர் பட்டியலைப் பார்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் பாட்டைப் போட்டு, நடுவில் நுழைவது யாரென்று முதலில் சொல்பவளே ஜெயித்தவள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!”

பேஸ் உறுமியது. இமாகுலேட்டுக்குப் புல்லரித்தது.

“டிரம்பெட்டு! யாருன்னு தெரிஞ்சிடுச்சுடி!” என்று அக்கா கத்தினாள்.

“டிரம்பெட்டா? இங்க ஒரு பொம்பளை பாடுறாளே?”

இருவருக்கும் புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் கேட்பவரின் மனசுக்கேற்பத்தான் அவரவர் கருவியில் பாட்டு உருவாகிறது. கிழவராவது எல்லோருக்கும் ஒரே பாட்டைத் தருவார் என்று நம்பியிருந்தார்கள்.

“போனை ஸ்பீக்கர்கிட்ட வையேங்க்கா, உன் பாட்டக் கேக்குறேன்.”

அக்கா வைத்தாள். அந்த டிரம்பெட்டும் போன் வழியே இமாகுலேட்டின் காதுக்கு வருவதற்குள் அவளுக்கேற்ற அதே பெண்குரலாக மாறியிருந்தது. எவ்வளவு அழகான குரல்! இமாகுலேட் தன் பாட்டை நிறுத்தினாள்.

“நீயும் நிறுத்துக்கா. மேசையில தாளம் மட்டும் தட்டு.”

அக்கா தட்டினாள். மூன்றாவது தட்டு எப்போதும்போலக் கொஞ்சம் பிந்தியது.

“யாருடி வாசிக்கிறது, சொல்லு பாப்போம்?”

சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுமே என்று இமாகுலேட் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.