ராஜினாமாக் கவர்

எம்.எல்.ஏ. தெய்வசிகாமணியின் வெள்ளைச் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பைக்குள் கைவிட்டாள் கனகம். நீளமாக ஒரு வெள்ளைக் கவர் வந்தது.



பதினைந்து வருஷமாக அவர் துணி வடக்குத்து ஊரில் அவளிடம்தான் வெளுக்க வருகிறது. அவர் கட்சி மாறுவது பேப்பர்காரனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வேட்டியின் கரை மாறி வரும். இதுவரை மூன்று கரை.

பேச்சு மட்டும் மாறவில்லை. சுரங்கத்துக் கான்ட்ராக்ட் பிள்ளைகளை பர்மனென்ட் ஆக்காவிட்டால் ராஜினாமா, கடிதம் பையில் தயார் என்று மேடைக்கு மேடை மார்பைத் தட்டுவார். அந்தப் பையைத் துழாவுகிறவள் கனகம். வெற்றிலைக் காம்பைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று காறித் துப்பிவிட்டுத்தான் சட்டைக்குக் கஞ்சி போடுவாள்.

நேற்று நெய்வேலி மேடையில் கவரை வெளியே எடுத்தே காட்டிவிட்டாராம். பதினோரு வருஷமாக மைன்ஸில் கான்ட்ராக்ட்டாகவே கிடக்கும் அவள் மகன் மணிமாறன், சாப்பிடக்கூட உட்காராமல் சொன்னான்.

"இந்த வாட்டி குடுத்துடுவாரும்மா. கவரைக் கையில புடிச்சிக்கினே பேசினாரு."

இந்த வருஷத்தோடு அவனுக்கு பர்மனென்ட் ஆகும் வயசு வரம்பு முடிகிறது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

இப்போது கவரைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிய இடத்தை விரலால் தடவினாள்.

பிறகு அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். வேறொரு பழைய கவரில் காலண்டர் தாளை மடித்து வைத்து ஒட்டி, தேய்த்து முடித்த சட்டைப் பையில் சொருகினாள்.

மூன்று மணிக்குத் துணி எடுக்க வந்த அவருடைய டிரைவர் பையைத் தடவிப் பார்த்து மூச்சு விட்டான்.

"நல்லவேளைக்கா. சாயங்காலம் கூட்டத்துல இது இல்லன்னா என்னைத் தொலைச்சிருப்பாரு."

சாயங்காலம் ஒலிபெருக்கியில் தெய்வசிகாமணியின் குரல் தெருவெல்லாம் கேட்டது. இதோ என் ராஜினாமா என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அங்கே மணிமாறனும் தட்டிக்கொண்டிருப்பான்.

கனகம் பானையிலிருந்து கவரை எடுத்தாள். மகனுக்காகப் போன திங்கட்கிழமை அவரிடம் அவள் தன் கையால் கொடுத்த மனு அது. பசை இல்லாமல் அவள் நசுக்கி ஒட்டிய சோற்றுப் பருக்கை, காய்ந்து, பிரியாமல் அப்படியே இருந்தது.