டயரில் ஒட்டிய சேறு

ஒரகடம் செம்மண் குழியில் வெயில் சாய்கிறது. எங்கள் மண்ணைக் கடலோர உப்பங்கழியில் கொட்டிவிட்டுத் திரும்பிய லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. டயரெல்லாம் கருஞ்சேறு, சிப்பி. "சீக்கிரம் ரொப்புங்க. கழியைத் தூர்க்கக் கூடாதுன்னு புதுச் சட்டம் வந்துக்கீது. தண்ணி நிக்கிற எடத்துலேர்ந்துதான் அதிகாரிங்க தடை எல்லைய அளப்பாங்க. அவங்க வர்றதுக்குள்ள தண்ணியே இருக்கக் கூடாது" என்று டிரைவர் தணிகாசலம் சிரிக்கிறார். கூடை சுமக்கும் சந்திரம்மாள் டயரிலிருந்து ஒரு சிப்பியைப் பிய்த்தெடுக்கிறாள். "எம் மருமவன் அந்தக் கழியிலதான், தம்பி, படகக் கட்டிப் போடறான்." அவர் சிரிப்பு நிற்கிறது. "இந்த லோடோட அந்த எடமும் மேடாயிடும்க்கா." சிப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் என்னிடம் கூடையை நீட்டுகிறாள். நான் மண்வெட்டியைப் பிடித்தபடி நிற்கிறேன். "போடுய்யா, பொழுது போவுது" என்கிறாள்.