வலைப் பங்கு

மணி அடித்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துச் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேம்பு மட்டும் முதல் வரிசையை விட்டுக் கடைசிக்குப் போனாள். வீட்டுக்குக் கொடுத்த கணக்கை எச்சில் தொட்டு அழித்திருந்தாள்.

அருள்நாதன் வாத்தியாருக்குச் சுருக்கென்றது. கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று ராயபுரம் கடற்கரையில் ஒளிந்துகொண்ட பெண் அவள். பள்ளி விட்டதும் கிளிஞ்சல்களைக் கொட்டி அவர் நடத்திய கணக்கு விளையாட்டுதான் அவளை மாற்றியது. "இன்னொண்ணு குடு சார்" என்று இருட்டும்வரை விடமாட்டாள்.

உபகாரச் சம்பளப் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். அவர் அனுப்ப நினைத்தது அவள் பெயரைத்தான்.

"என் பேர அனுப்பாத சார். எனக்குக் கணக்கே வாணாம்."

"இன்னா ஆச்சு இவளுக்கு?" என்று அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்பம்மாவைக் கேட்டார்.

"நேத்து நீ குட்த்த கணக்கால வந்த பேஜாரு சார். அவங்க அம்மா இவள அடிச்சிட்டு, அதுவும் குந்திகினு அழுவுது. ராத்திரி அடுப்பே மூட்டல."

நேற்றைய விளையாட்டு சுலபமானது. கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அப்பாவுக்கு எவ்வளவு மீன் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு வந்த மீனோடு சரிபார்க்க வேண்டும்.

ஒரு கணக்குத் தப்பியதற்கா இத்தனை பயம்? மாதக்கணக்கில் பட்ட பாட்டை இந்தப் பெண் ஒரே ராத்திரியில் உதறிவிட்டாளே என்று அவருக்குக் கசந்தது. சாக்கட்டியை எடுத்தார்.

"எழுந்திரு. வலை யாரோடது?"

"எங்க நைனாவோடது."

"அப்ப ஆள் பங்கு ஒண்ணு, வலைப் பங்கு ஒண்ணு. ரெண்டு வரணும். வூட்டுக்கு வந்தது?"

"ஒண்ணு. எப்பவும் ஒண்ணுதான். பாடு கம்மி, மீனு வுழலன்னு நைனா சொல்லும்."

"பாத்தியா, எங்கியோ தப்பா எண்ணிட்ட. தப்பு எல்லாருக்கும் வரும். வா, சேர்ந்து போடலாம்."

வேம்பு நகரவில்லை.

"தப்பில்ல சார். சாயங்காலம் கரையில நானே எண்ணினேன், ரெண்டு பங்கு, ரெண்டு கூடை. ஒண்ணு எங்க வூட்டுக்கு வந்திச்சி. இன்னொரு கூடையத் தூக்கிகினு நைனா வேற தெருவுல திரும்புச்சி. சரிபாக்கணும்னு நீ சொன்னியே, பின்னாடியே போனேன்."

வாத்தியார் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அந்த வூட்டுப் பசங்களும் எங்க நைனாவ நைனான்னுதான் சார் கூப்புடுதுங்க."